வெட்டிய கூரை

மோகன்ராஜ் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். நாற்பது வயது தாண்டும்வரை அவனிடம் ஒரு ஸ்கூட்டர்தான் இருந்தது. பாகாலாவில் ஒரு வீட்டின் பின்புறம் துருவேறிக் கிடந்த பழைய அம்பாசடரைப் பார்த்தவன், மனைவி ஷோபாவிடம்கூடச் சொல்லாமல் அதை விலை பேசி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அதைப் பழையபடி ஆக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. வெளிநாடுகளில் பழைய கார்களின் கூரையை வெட்டித் தாழ்த்தி, முன்சக்கர மட்கார்டைக் கழற்றிவிட்டு, வேகமான இன்ஜின் பூட்டி ஓட்டுவதை செல்போனில் பார்த்துப் பார்த்து ஆசை பிடித்திருந்தது. ஹாட் ராட் என்று அதற்குப் பெயர்.

பள்ளிக்கூடத்துக் கூட்டாளி வேணு நகரியில் டிங்கரிங் கடை வைத்திருந்தான். சொந்த ஊரான விஜயபுரம் பக்கத்தில் கொஞ்சம் வேர்க்கடலை நிலமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு மோகன்ராஜின் தறிக்கொட்டகைக்கு வந்துவிடுவான். காரின் அழுகிய தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தது அவன்தான். இன்ஜின் முதல்முறை உறுமியபோது இருவரும் தறிச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். வேலை நடந்த அந்த இரண்டு வருடம்போல மோகன்ராஜ் சந்தோஷமாக இருந்ததில்லை என்று ஷோபா இப்போதும் சொல்வாள்.

கடைசியில் கூரை மிச்சமிருந்தது. மோகன்ராஜ் நான்கு அங்குலம் தாழ்த்த வேண்டும் என்றான். இரண்டு போதும் என்றான் வேணு. ஏனென்று சொல்லவில்லை. பற்றவைக்கப் பயப்படுகிறான் என்று மோகன்ராஜ் நினைத்துக்கொண்டான்.

வேணு கடலை பிடுங்க ஊருக்குப் போயிருந்த சமயம், திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானத்தில் பழைய வண்டிகள் எல்லாம் சேரப்போவதாகச் செய்தி வந்தது. மோகன்ராஜுக்குப் பொறுக்கவில்லை. திருப்பதியிலிருந்து வேறொரு டிங்கரை வரவழைத்து நான்கு அங்குலத்தை வெட்டச் செய்தான்.

திரும்பி வந்த வேணு ஒட்டிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தான். வேலை சுத்தமாக இருக்கிறது என்றான். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்தான். தலை கூரையில் இடித்து, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. வேணு ஆறடிக்கு மேல் உயரம். சிறுவயதிலிருந்தே பார்த்துப் பழகியதால் அது மோகன்ராஜின் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது.

"பரவால்லடா, சாஞ்சிக்கினே வரேன்" என்றான் வேணு.

விடியற்காலையில் திருப்பதிக்குக் கிளம்பினார்கள். புத்தூர் வரை வேணு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தான். பிறகு கழுத்து பிடித்துக்கொண்டது என்று வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். பின்னாலேயே பஸ்ஸில் வருவதாகவும், நேரமாகிவிடும், நீ போ என்றும் சொன்னான். மோகன்ராஜ் ஒரு கணம் தயங்கினான். பிறகு கியரை மாற்றினான்.

மைதானத்தில் அவன் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். செய்தது யார் என்று கேட்டவர்களிடம் வேணுவின் பெயரைச் சொன்னான். வேணு எங்கே என்று கேட்டபோது வந்துகொண்டிருக்கிறான் என்றான். வேணு வரவில்லை. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தான்.

அதன் பிறகு மோகன்ராஜ் காரின் தரையைப் பள்ளமாக்கி, சீட்டை இறக்கிப் பூட்டி, விஜயபுரத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். வேணுவின் மனைவி தாட்சாயணி காபி கொடுத்தாள். வேணு வந்து உட்கார்ந்து பார்த்தான். தலை இடிக்கவில்லை.

"இப்போ சரியா கீது" என்றான். கூரையை ஒருமுறை தொட்டுவிட்டு, "கூரைய வெட்னதுக்கு எனக்குக் கோவம் இல்லடா. அன்னிக்கு நீயும் எறங்கினு எங்கூட ஒரு டீ குடிச்சிருக்கலாம்" என்றான்.

மோகன்ராஜ் கதவுப் பிடியைத் துடைக்கத் தொடங்கினான்.

"போனீலே, விடு" என்று பாதி தெலுங்கில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டான் வேணு.

இப்போது வேணு கடையை மூடிவிட்டுச் சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் இருக்கிறதாம். பண்டிகைக்குப் போன் செய்தால் நன்றாகத்தான் பேசுகிறான். வண்டியை விலைக்குக் கேட்டுச் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து போனார்கள். மோகன்ராஜ் கொடுக்கவில்லை. வாரம் ஒருமுறை மாந்தோப்புப் பாதையில் ஓட்டுகிறான். இன்ஜின் சத்தம் இன்றைக்கும் அவனுக்கு இனிக்கத்தான் செய்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே, பக்கத்தில் யாரும் இல்லாமல், தோப்பின் கோடி வரை போய்த் திரும்பி வருகிறான்.