துப்புரவுப் பணியாளர் இருவர்

மேஸ்திரி அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. அவரைப் பட்டியலிலிருந்து தூக்கியது இந்தக் கைதான். இருந்தாலும் எழுதுகிறேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகக் கணினியைத் தட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவுக்கு வேறு என்ன தெரியும்?

அக்கா கட்டட வேலை செய்தவர் இல்லை. எங்கள் பள்ளியின் வகுப்பறைகளையும் கழிப்பறைகளையும் துப்புரவு செய்பவர். நடைபாதை நடுவே இடுப்பில் கை வைத்து நின்று, "அந்த மூலை என்ன பாவம் பண்ணுச்சு? அதை யாரு துடைக்கறது?" என்று போடுகிற அதட்டலுக்காக ஆசிரியர்கள் வைத்த பெயர் மேஸ்திரி. அந்த அதட்டலை வாங்கிக்கொள்ள ஒரே ஒருத்திதான் இருந்தாள். அக்காவின் கொழுந்தன் மனைவி. சின்னவள் என்று கூப்பிடுவோம். ஓரகத்திகள் ஒத்துப்போவது குதிரைக்கொம்பு என்பார்கள். இவர்களும் காலை முழுக்கச் சண்டை போடுவார்கள், மத்தியானம் ஒரே தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவருமாகச் சாப்பிடுவார்கள்.

தொற்று நோய் பரவி, பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து, பிறகு பாதிப் பிள்ளைகளோடு திறந்தன. பாட்டு வகுப்பு நடந்த அறையைக் காய்ச்சல் அறை ஆக்கினோம். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டுவோம். சூடு அதிகமிருந்தால் பிள்ளையை அங்கே உட்கார வைத்து, வீட்டுக்குத் தகவல் சொல்வோம். பெற்றவர்கள் வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் பயத்திலேயே வாந்தி எடுத்துவிடும். அதை அள்ளுவது இவர்கள் இருவரும்தான். கையுறை கேட்டார்கள். "எழுதிப் போட்டிருக்கேன், வரும்" என்றார் தலைமை ஆசிரியர். சின்னவள் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் தடுப்பூசி வந்தது. ஊருக்கெல்லாம் போதாது. பள்ளி ஊழியர்களுக்கு முதலில் போடச் சொல்லி உத்தரவு. எங்களுக்குப் பதினெட்டு ஊசி ஒதுக்கினார்கள். ஆசிரியர்கள், அலுவலகம் எல்லாம் சேர்த்துப் பதினாறு பேர். மீதி இரண்டும் துப்புரவுப் பணியாளருக்கு. தலைமை ஆசிரியர் என்னை உள்ளே கூப்பிட்டு, பதினேழிலும் பதினெட்டிலும் இரண்டு பெயர்களைச் சொன்னார். ஒன்று அவர் மனைவி. இன்னொன்று அவர் மைத்துனர்.

"சார், பதவின்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போட?"

"துப்புரவுப் பணியாளர்னு போடுய்யா. யாரு வந்து பார்க்கப் போறா? அதுங்களுக்கு அடுத்த தடவை போட்டுக்கலாம்."

போட்டேன். பதினாறாவது பெயர் என்னுடையது, அதனால் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு 'ர்' விகுதி போட்டு எழுதுகிறேன். அந்த மனிதருக்கும் 'ர்'தான் வருகிறது. 'ன்' போடக் கை துடிக்கிறது, ஆனால் குமாஸ்தா புத்தி விடமாட்டேன் என்கிறது.

முகாம் நடந்த அன்று அக்காவும் சின்னவளும் தலையை வாரிக்கொண்டு, கை ஏறுகிற மாதிரி தளர்ந்த ரவிக்கை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஊசி போட வந்த செவிலியர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "துப்புரவுக்கு ரெண்டே பேர்தாம்மா. ரெண்டு பேருக்கும் போட்டாச்சு."

"அந்த ரெண்டு பேரு நாங்கதானே?" என்றார் அக்கா.

செவிலியர் கைகாட்டிய பக்கம், தலைமை ஆசிரியரின் மனைவியும் மைத்துனரும் தோளில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசை டிராயரில் இல்லாத எதையோ தேடினேன்.

சரியாக மூன்று வாரம் கழித்துச் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. அதற்கு முந்தைய வாரம் காய்ச்சல் அறையில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள், நால்வருக்கும் தொற்று. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு அல்லாடினாள். பன்னிரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. தலைமை ஆசிரியர் ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அந்தக் குழுவில் அக்கா இல்லை.

அவர் வந்து ஆபீஸ் வாசலில் குய்யோ முறையோ என்று கத்துவார் என்று நான் காத்திருந்தேன். தனிமைக்காலம் முடிந்து வந்தார், வாளியை எடுத்தார், கூட்டினார், துடைத்தார். அதட்ட ஆளில்லாததால் பள்ளிக்கூடமே ஊமையாகிவிட்டது. எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

இரண்டாவது தவணை ஊசிக்கு முன்னால் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பல இடங்களில் பட்டியலில் ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது, எனவே அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, பட்டியலில் உள்ளவர் அந்த வேலையைத்தான் பார்க்கிறாரா என்று சோதிப்பார் என்றது. இன்னொன்றும் இருந்தது. இனிமேல் ஊசி போட்டவர் மட்டுமே காய்ச்சல் அறைக்குள் போகலாம்.

தலைமை ஆசிரியருக்கு வேர்த்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக உட்காரச் சொன்னார். "ஏம்மா, ஆபீசர் வந்தா அந்த ரெண்டு பேரும் இங்கதான் வேலை பார்க்கறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன்னை நான் கவனிச்சுக்கறேன்."

"சொல்றேன் சார். ஆனா பொய் என் வாயில வராது. வந்து வேலை பார்க்கச் சொல்லுங்க, பார்க்கறாங்கன்னு சொல்றேன்."

"என்னம்மா விளையாடறியா?"

"எந்த நேரத்துல வருவாங்களோ தெரியாதே சார். வரும்போது அவங்க கையில துடைப்பம் இருக்கணுமா வேண்டாமா?"

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். சுற்றறிக்கையை இன்னொரு முறை படிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லாதது போல நான் குனிந்துகொண்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு இருவரும் வந்தார்கள். மைத்துனர் இஸ்திரி போட்ட வெள்ளைப் பேண்ட்டில் வந்தார். அவர்கள் வருவதற்கு முன்பே ஒரு பெட்டி வந்திருந்தது. முழங்கை வரை நீளும் கையுறை, கண்ணாடி, மேலங்கி, எல்லாம் புதுசு. எட்டு மாதமாக 'எழுதிப் போட்டிருந்த' கையுறை, வீட்டு ஆளுக்கு என்றதும் ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. அக்கா அந்தப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அப்போதுதான்.

அப்புறம் இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா, பினாயிலை அப்படியே கொட்டினா தரை வழுக்கும், தண்ணியில கலக்கணும். தம்பி, குனிஞ்சு தேயுங்க, தரை கடிக்காது. அந்த மூலை என்ன பாவம் பண்ணுச்சு?"

மேஸ்திரியின் குரல் திரும்பிவிட்டது. கடைசிக் கழிப்பறை வரை அவர் விடவில்லை. தேய்த்ததையே மறுபடி தேய்க்க வைத்தார். தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, வலிக்கிறது என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு குழந்தைக்குச் சூடு அதிகம். காய்ச்சல் அறையில் உட்கார வைத்ததும் வாந்தி எடுத்தது. தலைமை ஆசிரியரின் மனைவி நான்கடி பின்னால் போனார்.

"நீங்க போங்களேன்" என்றார் அக்காவிடம். "உங்களுக்குப் பழக்கம்."

"நான் போகக் கூடாதும்மா. ஊசி போட்டவங்கதான் உள்ள போகணும்னு உத்தரவு. எனக்குப் போடலை. உங்களுக்குப் போட்டிருக்கே. என்னைக் கேட்டா, அது உங்களுக்குன்னு வந்த ஊசிதான். துப்புரவுக்காரங்களுக்குன்னு வந்தது."

அந்த அம்மா உள்ளே போனார். அக்கா வாசலில் நின்று, பேப்பரை முதலில் போடுங்கள், மேலே பிளீச்சிங் பவுடர், பத்து நிமிஷம் பொறுங்கள், குழந்தையிடம் முகத்தைச் சுளிக்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளியே வந்தபோது அந்த அம்மாவின் கண்ணாடிக்குள் கண்ணீர். எனக்குத் துளியும் பாவமாக இல்லை. இதை எழுதும்போதுகூட இல்லை.

அன்று சாயங்காலம் நான் அக்காவைக் கேட்டேன். "அக்கா, அதிகாரி ஆபீசுக்கே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாமே? எதுக்கு இந்தச் சுத்து?"

"உண்மையைச் சொன்னா ஒரே நாள்ல முடிஞ்சிடும் தம்பி. அவ பதினோரு நாள் கஷ்டப்பட்டா." மாப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார். பிறகு, "உன் முறையும் வரும்" என்றார்.

அதிகாரி ஒன்பதாம் நாள் வந்தார். "அவசரப்பட்டு வந்துட்டாங்க" என்று அக்கா முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அதிகாரி ஒல்லியான ஒரு பெண்மணி. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தவர், பதினேழுக்கு வந்தபோது நடைபாதையில் துடைத்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் மனைவியிடம் பெயர் கேட்டார். கழிப்பறையிலிருந்து ஈரக் காலோடு வந்த மைத்துனரிடமும் கேட்டார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"இவங்க ரெண்டு பேரும் இங்க துப்புரவு வேலைதான் பார்க்கறாங்களா?"

"ஆமாங்க. நல்லாப் பார்க்கறாங்க."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று தலைமை ஆசிரியர் மூச்சு விட்டார். அதிகாரி அடுத்த தாளைப் புரட்டப் போனவர், அக்காவின் கையிலிருந்த மாப்பைப் பார்த்து நின்றார்.

"அப்ப நீங்க யாரும்மா?"

"நான் இங்க இல்லைங்க."

"என்ன?"

"ஒன்பது வருஷமா இங்க கூட்டறேன். உங்க லிஸ்ட்ல இல்லை. அப்ப நான் இங்க இல்லைதானே? என்கூட என் ஓரகத்தி ஒருத்தி இருந்தா. அவளும் லிஸ்ட்ல இல்லை. இப்ப அவ எங்கயுமே இல்லை."

அதிகாரி மெதுவாகக் கேட்டார். "இந்தப் பட்டியலை யாரு தயார் பண்ணினது?"

என் முறை வந்துவிட்டது. கையைத் தூக்கினேன். யார் சொல்லி எழுதினேன் என்பதையும் சொன்னேன், பதினாறாவது ஆள் நான்தான் என்பதையும் சொன்னேன்.

எல்லோரும் அலுவலகத்துக்குப் போனோம். தலைமை ஆசிரியர் மேல் நடவடிக்கை எடுக்க எழுதுவதாக அதிகாரி சொன்னார். என் மேலும்தான். அக்காவுக்கு அன்றைக்கே ஊசி போட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

"அது ஆகட்டும். முதல்ல லிஸ்ட்டைச் சரி பண்ணுங்க" என்றார் அக்கா. "தம்பி, அந்த ரெண்டு பேரை அடி. என் பேரைப் போடு. கீழ அவ பேரைப் போடு."

பதினெட்டாம் வரிசையில் சின்னவளின் முழுப் பெயரைத் தட்டினேன். அத்தனை வருடம் கூட வேலை பார்த்தும், அது என்ன பெயர் என்று அக்காவிடம் கேட்டுத்தான் தட்ட வேண்டியிருந்தது. பதவிக் கட்டத்தை நிரப்பினேன். அதற்கடுத்த கட்டத்தில் கை நின்றது.

"அக்கா, ஊசி போட்ட தேதின்னு கேக்குது. அதுல என்ன போட?"

"போடலைன்னு போடு."

போட்டேன். அச்சிட்ட தாளை அக்காவே எடுத்துப் போய்த் தலைமை ஆசிரியர் முன்னால் வைத்து, சின்னவளின் பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

"சரிதான்னு கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் அதிகாரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அக்கா விரலை எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.