உள்ளங்கைச் சூடு

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தேன். மகள் என் பழைய செல்போனை ஃபேனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூடு ஆற்றுகிறாள்.

நான் வளர்ந்த முத்தாபுதுப்பேட்டை வீட்டில், அப்பா இல்லாதபோது டிவி போடக் கூடாது. அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அம்மா அணைப்பாள். நான் ஈரத்துணியால் டிவியின் முதுகை ஒற்றியெடுப்பேன். அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து அதன்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு தெரிந்தால் பெல்ட்டை உருவுவார்.

ஒருநாள் அம்மா முந்திக்கொண்டு, "வெயிலு அடிச்சுதுங்க, அதான் சூடாகீது," என்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அடி முழுக்க அவளுக்கு.

அந்தக் கையை எவ்வளவு வெறுத்தேன்! போன வாரம் இதே போனைத் தொட்டுப் பார்த்துவிட்டு மகளை அறைந்தது என் கைதான்.

இப்போதும் அது தானாக நீண்டது.

"அடிக்காதம்மா, இப்பதான் எட்த்தேன்," என்றாள்.

கையை இழுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். "அடிக்கல. இன்னா பார்த்துகினு இருந்தே? எனக்கும் காட்டு."

அவளும் உட்கார்ந்தாள். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள், என் கை எட்டாத தூரத்திலிருந்து.