மூன்றாம் அறையின் கறுப்புத் துணி

அமெரிக்காவில், கென்டக்கி மலைக்குள் இருக்கும் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு கறுப்புத் துணி தொங்கும். தூக்கிப் பார்க்கலாம், பார்த்ததும் இறக்கிவிட வேண்டும். வெளிச்சம் பட்டால் பழைய படங்கள் வெளுத்துவிடும். காவலுக்கு இருந்த வெர்னா ஸ்டாம்பருக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. துணியை இறக்காமல் நகர்ந்த பாதிரியாரைக்கூட அவள் விட்டதில்லை. வாசலில் சீட்டுக் கொடுக்கும் நான் அதற்குச் சாட்சி.

மூன்றாம் அறையில், ஜன்னலுக்கு நேர் எதிரே, 1973 சுரங்க வேலைநிறுத்தத்தின் கலர் படம். ஓரத்தில் சிவப்புச் சட்டையோடு சிரிப்பவன் அவள் தம்பி ஹோபர்ட். மறு வருஷம் சுரங்கம் வெடித்தது. செத்த பதினோரு பேரில் அவன் உடலை மட்டும் எடுக்க முடியாமல் சுரங்க வாயிலை அடைத்துவிட்டார்கள். வீட்டில் இருந்த படங்களைப் பின்னால் வந்த வெள்ளம் கொண்டுபோனது. அவன் முகம் மிச்சமிருந்தது அருங்காட்சியகத்தின் அந்தப் படச் சட்டத்துக்குள் மட்டும்தான். கண்ணை மூடினால் அவன் முகமே வரவில்லை என்று வெர்னா என்னிடம் அழுதிருக்கிறாள்.

குளிர்காலத்தில் எங்களிடம் ஈ காக்கை வராது. அப்போதெல்லாம் அந்த ஒரு துணியை மட்டும் தூக்கி மேலே போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து சோளரொட்டி தின்பாள். இப்படிப் பத்தொன்பது குளிர்காலம். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் இப்படிச் செய்யலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

"இருட்டுலதான் செத்தான். இங்கயும் அவனை இருட்டுலயே வைக்கச் சொல்றியா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

தினமும் பார்க்கிறவளுக்கு மாற்றம் எங்கே தெரியும்? பார்வைதான் மங்குகிறது என்று நினைத்து இரண்டு முறை கண்ணாடி மாற்றினாள்.

போன மார்ச்சில்தான் பொறுப்பாளர் ராபின் காடில் முதல் முறையாக நகலெடுக்கவென்று படத்தைக் கழற்றினாள். நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். படத்தின் ஓரங்களை மூடியிருந்த அட்டையை எடுத்ததும், அதன் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு அசல் நிறம். ஹோபர்ட்டின் முழங்கை ரத்தச் சிவப்பில் இருந்தது. மீதிச் சட்டை வெளிர் ரோஜா நிறம். முகம் இருந்த இடத்தில் கண்ணும் இல்லை, சிரிப்பும் இல்லை, வெறும் வெளிறிய வட்டம்.

துணியை இறக்காமல் போன பார்வையாளர்களை ராபின் திட்டித் தீர்த்தாள். படம் எடுத்தவரின் நெகட்டிவும் அதே வெள்ளத்தில் போயிற்றாம். இனி வெளுத்ததைத்தான் நகலெடுக்க முடியும்.

"அவங்கள ஏம்மா திட்டுற? நான்தான். என் கையாலதான் பண்ணேன்," என்றாள் வெர்னா.

ராபின் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

வெர்னா குனிந்து அந்த முழங்கையையே பார்த்தாள். தொடவில்லை. தொடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். முதுகு மட்டும் குலுங்கியது.

"இது மட்டும் இருட்டுல இருந்துச்சு," என்றாள். "அதான் பொழைச்சுது."

பிறகு அவளே போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"பெட்டியில வைங்க. இன்னமும் வெளிச்சம் படுது."