எண்ணெய் போட்டதும்

விராலிமலை பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம், குழாய் பிடிக்கும் பெண் கடைசியில் சொல்லும் ஒரு சொல்லுக்காக என் காது முன்கூட்டியே கூசும். அவள்மேல் குற்றமில்லை. எல்லாம் எங்கள் மேஸ்திரியோடு வந்த அந்தப் பயணத்தின் வினை.

மேஸ்திரிக்கு ஆலங்குடிப் பக்கம். வளைகுடாவில் கட்டட வேலையில் எனக்கு மேலே இருந்தவர்; அதற்கு முன்பு லாரி ஓட்டியவர். டீசலோ பெட்ரோலோ, அவர் வாயில் எல்லாமே 'எண்ணெய்'தான். மனைவி இறந்த செய்தி வந்ததும் அவரோடு நானும் புறப்பட்டேன். "நான் வந்து மொகத்தப் பாத்தப்புறந்தான் எடுக்கணும்" என்று மச்சினனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மூன்று வருடமாகப் பார்க்காத முகம்.

திருச்சிக்கு மேலே மழைமேகம். விமானம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குத் திரும்பியது. வழியில் ஒரு பக்கத்து இன்ஜின் இரைச்சல் நின்றது, சற்றைக்கெல்லாம் மறுபக்கமும். எரிபொருள் தீர்ந்துவிட்டது. குனிந்து தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அத்தனை பேரும் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. "லாரின்னா எறங்கித் தள்ளலாம் தம்பி" என்றார் மேஸ்திரி. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. தரையில் மோதித் தெறித்து, ஓடுபாதையின் விளிம்பில் நின்றோம்.

உயிர் பிழைத்தது உறைக்குமுன் என் போனைப் பிடுங்கினார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. "மாப்ள, லேட்டாவும். எண்ணெய் போட்டதும் எடுத்துருவாங்க!"

அந்தப் பக்கம் ஒப்பாரிக்கு நடுவே, "சரிங்க மச்சான்" என்றது மச்சினன் குரல்.

"சொல்லியாச்சு. இனி காத்திருப்பாங்க" என்று நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார் மேஸ்திரி.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் உறவுக்காரர்கள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டால், அடுத்த வேலை எடுப்பதுதான். அந்த இரைச்சலில் ஒரே ஒரு 'வா' தொலைந்துபோயிருந்தது. மச்சினன் காதில் விழுந்தது, 'எண்ணெய் போட்டதும் எடுத்துருங்க.' எண்ணெய் வைத்தார்கள், எடுத்தார்கள்.

அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. பஸ் பிடித்துச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"நீங்கதான எடுக்கச் சொன்னீங்க?" மச்சினன் சட்டையைப் பிடித்தான்.

"பிளேனச் சொன்னேன் மாப்ள. எண்ணெய் தீந்துபோச்சு..."

"தீந்துபோறதுக்கு அதென்ன மொபெட்டா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் சாட்சி சொன்னேன். "கூட வந்த ஆளு வேற என்னத்தச் சொல்லுவாரு?" என்றார்கள். மேஸ்திரி யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. சுடுகாட்டுக்குப் போய், அடங்காத நெருப்பின் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்: "தலமாடு எங்கிட்டுங்க?"

மறுநாள் டிவியில் காட்டியபிறகு ஊர் நம்பியது. நம்பி என்ன? 'எடுத்துருங்க' என்பதே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அதைக் காதில் வாங்கிக்கொண்டே சந்தைக்குப் போய்வருகிறார்.

"போட்டாச்சுண்ணே, எடுங்க" என்கிறாள் பங்குப் பெண். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். சாவியில் கை வைத்தபடி நின்றுகொண்டிருக்கிறேன்.