நீலக் கோட்டு நிலவரம்

வாயில் வேப்பங்குச்சியோடு தெருவில் நின்று தம் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் வரதராஜுலு. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்காக அவர் எழுப்பிய விடுதி அது. முன்பக்கக் கொடியில் கம்பெனிக் கோட்டு மட்டும்தான் காயவேண்டும், மற்றத் துணியெல்லாம் பின்பக்கம் என்பது அவர் போட்ட சட்டம். பச்சைக் கோட்டு கேபிள் கம்பெனி. சாம்பல், கார் உதிரிபாகம். நீலம், செல்போன் டவருக்குப் பெட்டி செய்கிற கம்பெனி. எந்த நிறம் கூடுகிறதோ அங்கே ஆள் எடுக்கிறார்கள். எது குறைகிறதோ அங்கே வேலை படுத்துவிட்டது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். செங்கல் லாரியில் லோடு ஏற்றிய கை. அந்தக் கையால் சம்பாதித்துக் கட்டியதுதான் மூன்று மாடியும்; பாதி ஒரகடத்துக்கு இது தெரியும், மீதிப் பேருக்கு அவரே சொல்லிவிடுவார்.

டீக்கடைக் கண்ணப்பனுக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"தலிவரே, சிங்கப்பூரு இன்னிக்கு இன்னா சொல்லுது?"

"அது இன்னாடா சொல்றது. நான் சொல்லுவேன், அது கேட்டுக்கும்."

இதை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிட முடியாது. சிங்கப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆசியாவில் எந்தத் தொலைத்தொடர்பு, தொழில்நுட்பக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முதலீட்டாளர்களுக்கு எழுதித் தருவது அதன் தொழில். அங்கே வேலை பார்க்கும் சுவாதி ஒருமுறை நீலக் கோட்டுத் தொழிற்சாலையைப் பார்க்க வந்து, உள்ளே விடாததால் கண்ணப்பன் கடையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து பெஞ்சில் வரதராஜுலு கொடிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கு வழக்கெல்லாம் அலசி முடித்த பிறகு, கடைசியாக அவருக்கும் ஒரு போன் போடுவது அன்றிலிருந்து அவள் வழக்கம். அவள் அறிக்கையில் 'உள்ளூர்த் தகவல்' என்று ஒரு வார்த்தை வரும். "அந்த உள்ளூரு நான்தான்" என்று சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தவனிடம்கூடச் சொல்லியாயிற்று.

இன்றும் போன் வந்தது. நீலக் கோட்டுக் கம்பெனியின் பழைய கடன் பத்திரங்களுக்குக் கெடு நெருங்குகிறது. புதுப் பத்திரம் விற்றால்தான் பழையதை அடைக்க முடியும்.

"நீலம் எப்படி சார் இருக்கு?"

"கொடி தாங்காம தொங்குது, சுவாதிம்மா. புது பேட்ச் எறங்கிருக்கு. வர்ற பொண்ணுங்க மொதல்ல ஊர்க்காரி கட்டில்ல ஒண்டிக்கும், அப்புறந்தான் வார்டன்கிட்ட பேர் குடுக்கும். அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிடும்."

"மத்தியானம் அறிக்கை போயிடும் சார். உங்க வார்த்தைய நம்பி ஒரு வரி எழுதறேன்."

"தைரியமா எழுது. என் வார்த்த என்னிக்காவது பொய்யாப் பூட்டிருக்கா?"

வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனார். அங்கே இசக்கிசெல்வி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், நீலக் கோட்டு ஒன்றைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா கண்ணு, ஷிப்டுக்குப் போவல?"

"இனி ஷிப்டு ஏது ஐயா. எங்க லைன் மொத்தத்துக்கும் ஒப்பந்தம் முடிஞ்சிட்டுன்னு நேத்து சொல்லிட்டாவ."

"அப்ப மேல தொங்கறதெல்லாம்?"

"திருப்பிக் குடுக்கணும்லா. அழுக்கா இருந்தா கணக்கு முடிக்க மாட்டாவளாம். அதான் ஆளுக்கு ரெண்டையும் தொவச்சுப் போட்டுட்டோம்."

ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். அதுதான் நடப்பு. இன்று உடம்பில் இருக்கவேண்டியதும் கொடிக்குப் போய்விட்டது. அதைத்தான் அவர் புது ஆள் என்று படித்திருக்கிறார்.

வரதராஜுலு கொப்பளிக்க மறந்து நின்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்காய்க்கும் தெரியப்போவதில்லை. நாளை கம்பெனி கவிழ்ந்தாலும் 'உள்ளூர்த் தகவல்' யார் என்று எவனும் தேடி வரமாட்டான். ஆனால் அறிக்கையின் அடியில் இருக்கப்போவது சுவாதியின் பெயர். அதை நம்பித்தான் எவனெவனோ பணத்தைப் போடுவான். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார்.

"நீ எழுதிக்கிட்டதெல்லாம் அனுப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல சார். ஏன்?"

  கட்டடத்தை ஒருமுறை பார்த்தார்.

"கொஞ்சம் முன்னாடி நான் சொன்னது தப்பு. இங்க ஒரு பொண்ணு கீது. அதுக்குத்தான் தெரியும், அதையே கேளு."

"நான் என்னத்தச் சொல்ல ஐயா?" என்றாள் இசக்கிசெல்வி.

"என்கிட்ட சொன்னதயே சொல்லு."

ஈரக் கையை அவள் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். வரதராஜுலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லில் கிடந்த கோட்டை எடுத்துப் பிழியத் தொடங்கினார்.