ஜானவாசக் காரின் இரண்டு சாவிகள்

எங்கள் கார் பழசு. என் வீட்டுக்காரர் வாங்கும்போதே அது செகண்ட் ஹாண்ட். அவர் போன பிறகு, அதை விற்றுத் தொலை என்று சொல்லாத ஆள் இல்லை. நான் விற்கவில்லை. செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குக் காய் வாங்க, கோயிலுக்குப் போக, மழை நாளில் ஆபீஸுக்கு என்று நானே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரிசப்ஷன் வேண்டாம், பத்திரிகை வேண்டாம் என்று பெரிய மனுஷி மாதிரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினவள், "ஜானவாசத்துக்கு மட்டும் அப்பா வண்டிதாம்மா வரணும். அப்பாவே அவனை அழைச்சிண்டு வரார்னு நான் நெனைச்சுப்பேன்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேசுவேன்? சரி என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டும் மாலையும் போட்டு, காரில் உட்கார வைத்து, முன்னால் மேளம் வாசிக்க, கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் அழைத்து வருவது எங்களில் வழக்கம். அதுதான் ஜானவாசம். மாட்டுங்காவில் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவே இரண்டே தெரு. சும்மா நடந்தால் வியர்ப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். மேளத்தோடு போனால்தான் ஊரே பார்க்கிற மாதிரி நேரம் ஆகும்.

அன்றைக்கு வண்டியை ஓட்டுவது என் அண்ணா என்று முடிவாயிற்று. அப்பா ஸ்தானத்தில் இருந்து எல்லாம் செய்கிறவர் அவர்தான். டோம்பிவிலியில் இருக்கிறார், நல்ல மனுஷன், கோபம் மட்டும் மூக்கு நுனியில். மத்தியானம் நான் வண்டியைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். தாராவியிலிருந்து வந்த பூக்காரர் வண்டி முழுக்கச் சாமந்தியும் ரோஜாவுமாகக் கட்டினார். அதற்குப் பிறகு நான் வண்டிக்குப் பக்கத்தில் போகவில்லை.

ஏன் போகவில்லை? யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. அதுதான் விஷயமே. யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நானாகவே ஊர்வலத்தின் வாலில் போய் நின்றுகொண்டேன். ஆபீஸில் ஒரு செக்‌ஷனையே அதட்டி வேலை வாங்குகிறவள் நான். லோக்கல் ட்ரெயினில் இடித்தவனை பாந்த்ரா வரைக்கும் திட்டியிருக்கிறேன். ஆனால் மஞ்சள் குங்குமத் தட்டு ஒன்று வருகிறது என்றால் போதும், என் கால் தானாகப் பின்னால் போய்விடும். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில், பட்டுப் புடைவையைக் கட்டிக்கொண்டு, கூலிக்கு வந்தவள் மாதிரி கடைசியில் நடந்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பாதி வழியில் மேளக்காரர்கள் நின்று ஒரு ராகத்தை விஸ்தாரமாக வாசிக்க ஆரம்பித்தார்கள். பின்னால் வருகிறவர்கள் முகத்தில் புகை அடிக்க வேண்டாம் என்று அண்ணா எஞ்சினை அணைத்தார். வாசிப்பு முடிந்து திரும்பவும் சாவியைத் திருப்பினால், எஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினார், மறுபடி இருமல். மேளம் பத்தடி முன்னால் போய், பின்னால் கார் வராததைப் பார்த்துத் திரும்பி வந்தது.

அண்ணா இறங்கி பானெட்டைத் திறந்தார். உள்ளே என்ன பார்த்தாரோ, பகவானுக்குத்தான் வெளிச்சம். மூடினார். கையிலிருந்த சாவியில் இருக்கிற பொத்தானையெல்லாம் அமுக்கினார். கதவெல்லாம் டப்பென்று பூட்டிக்கொண்டது. உள்ளே பின் ஸீட்டில் அடைந்திருந்த குழந்தைகள் குதித்த குதியில் அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. நாகஸ்வரம் நின்றுபோய், என் பெண்ணின் ஜானவாசத்துக்கு அந்தக் கார்தான் கச்சேரி பண்ணிற்று. குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மாப்பிள்ளை, பாவம், முன் ஸீட் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணா சாவியை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். மஞ்சள் கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள், அதற்குக் கீழே ஒன்றல்ல, இரண்டு சாவி. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

எங்கள் வண்டியின் சாவிக்குத் தலையில் ஒரு சின்னச் சில்லு உண்டு. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற வளையம் அதைக் கூப்பிட்டு, நீதானா என்று கேட்கும். அது ஆமாம் என்றால்தான் எஞ்சின் ஓடும். இரண்டு சாவியும் ஒட்டி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். வளையம் இரண்டையும் நம்பாது. வாங்கின புதிதில் தாணே போன இடத்தில் இப்படித்தான் மாட்டிக்கொண்டு, பொழுது சாய்கிறவரை வெயிலில் நின்றோம். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் இன்னொரு சாவியை சுவாமி அலமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் போட்டுவிட்டார். பெண் சின்னதாக இருந்தபோது விளையாட்டாக இரண்டையும் ஒரே கொத்தில் கோத்தாள்; அவர் அவளைத் திட்டினது அந்த ஒரு தடவைதான். அவர் போன பிறகும் நான் அதைத் தொட்டதில்லை.

அண்ணா காலையில் என் வீட்டில் விளக்கேற்றும்போது அதைப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்களில் எதையும் ஒற்றையாகச் சுவாமி முன்னால் வைக்க மாட்டோம்; வெற்றிலையானாலும் பழமானாலும் ஜோடிதான். கல்யாணக் காரியம், சாவியும் ஜோடியாக இருக்கட்டும் என்று நான் கொடுத்த சாவியோடு அதையும் சேர்த்து மஞ்சள் கயிற்றில் கட்டி, கோயிலில் பிள்ளையார் பாதத்தில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். கோயில் வாசலில் முதல் தடவை ஓடினது ஏதோ அதிர்ஷ்டம். அவர் நல்லதுக்குத்தான் செய்தார். இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒன்று ஒற்றையாகிவிட்டது என்று அவருக்குப் பயம்.

தெரிந்துவிட்டது இல்லையா, போய்ச் சொல்ல வேண்டியதுதானே? நான் போகவில்லை. முன்னால் சம்பந்தி வீட்டுப் பெண்கள் வரிசைத் தட்டுகளோடு நின்றார்கள். அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். யாராவது போய்ச் சொல்லட்டும் என்று பக்கத்தில் பார்த்தேன், எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் புடைவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அண்ணாவின் கோபம் பூக்காரர் மேல் திரும்பியது. "பூ கட்டறேன் பூ கட்டறேன்னு எந்த ஒயரைப்பா புடிச்சு இழுத்தே? நல்லா ஓடிண்டிருந்த வண்டி!"

"ஒயரு பக்கமே நான் போவல சார். வெளிய கயிறு போட்டுல்லா கட்டியிருக்கேன். ஏன் சார் சும்மா என்னைய சொல்லுதீய?"

"பின்ன வண்டி தானா நின்னுதா? பூதம் வந்து நிறுத்தித்தா?"

அந்த மனுஷர் முகம் சுண்டிப்போயிற்று. அத்தனை பேர் முன்னால், செய்யாத தப்புக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடுவார். எனக்கு வாய் வரவில்லை. இந்த இடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

யாரோ, "மாப்பிள்ளையை டாக்ஸில ஏத்திண்டு போயிடலாமே" என்றார்கள். "பாதி வழில இறங்கப்படாது" என்றது ஒரு குரல். அதற்கு இன்னொரு குரல், மெதுவாக, நல்லெண்ணத்தோடுதான், "அப்பா இல்லாத கல்யாணம். பாவம், என்ன பண்ணுவா" என்றது. மாப்பிள்ளை பக்கத்துக் கதவை வெளியிலிருந்து யாரோ இழுத்துப் பார்த்தார்கள்.

என் பெண் மண்டபத்து மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருப்பாள். அப்பா வண்டி வரும் என்று. டாக்ஸி போய் நிற்கப்போகிறது. அவ்வளவுதான், நான் எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியாது. தட்டுகளை இடித்துக்கொண்டு போய் அண்ணா கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன்.

முடிச்சு அவிழவில்லை. ஈர மஞ்சள் கயிறு, அண்ணா போட்ட முடிச்சு. பல்லால் கடித்து அறுத்தேன். அறுத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. நடுத்தெருவில், கல்யாண ஊர்வலத்தில், நான், மஞ்சள் கயிற்றை. யாரோ ஒரு மாமி "சிவ சிவா" என்றாள். வாயில் மஞ்சள் கசந்தது. அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது.

ஒரு சாவியின் பொத்தானை அமுக்கினேன். அலாரம் நின்றது, கதவு திறந்தது. ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன். டாஷ்போர்டில் சாவி படம் போட்ட சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. அது அடங்குகிறவரை எதையும் தொடாமல் சும்மா இருக்க வேண்டும் என்பார் என் வீட்டுக்காரர். அவசரப்பட்டால் இன்னும் முறுக்கிக்கொள்ளும். சும்மா இருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அத்தனை முகமும் என்னையே பார்த்தது. "என்னடி பண்றே?" என்று அண்ணா கேட்டார்.

"ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ" என்றார் மாப்பிள்ளை. தாணேயில் வளர்ந்த பிள்ளை, தமிழ் அவசரத்துக்கு வராது. "ஆராமா, மெதுவா பண்ணுங்கோ."

விளக்கு அடங்கிற்று. ஒற்றைச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். வண்டி பிடித்துக்கொண்டது.

"இறங்கு, நான் ஓட்டறேன்" என்றார் அண்ணா. நானும் இறங்கத்தான் பார்த்தேன். ஆனால் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் தெரு முழுக்க ஹார்ன். டிராஃபிக் ஹவல்தார் விசிலை ஊதிக்கொண்டே வந்து பானெட்டைத் தட்டினார். "ஓ மேடம், காடி புடே க்யா! சலா, சலா!" வண்டியை முன்னால் எடு என்று அந்த மகராஜன் சொன்னதும் கியரைப் போட்டுவிட்டேன். மேளம் அவசரமாக வாசித்துக்கொண்டே முன்னால் ஓடியது. மிச்ச தூரத்துக்கு மாப்பிள்ளையை நான்தான் அழைத்து வந்தேன். இடது கையில் மற்ற சாவி, அதில் அறுந்த கயிறு தொங்குகிறது. நேராகப் பார்க்க முடியாமல், முன்னால் போகிற மேளக்காரரின் செருப்பைப் பார்த்தே ஓட்டினேன்.

மண்டப வாசலில் மன்னி ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றாள். அண்ணாவின் மனைவி, கூடவே இன்னும் இரண்டு சுமங்கலிகள். கேமரா வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கதவைத் திறந்து இறங்க வழியில்லை, என் பக்கம் முழுக்கக் கூட்டம். தட்டு மாப்பிள்ளை ஜன்னலுக்கு நேரே வந்து சுற்ற ஆரம்பித்தது.

அப்புறம் நான் பூக்காரரைத் தேடினேன். அவர் போய்விட்டிருந்தார். மறுநாள் முகூர்த்தத்துக்கு மாலை கொண்டுவந்தது வேறு ஆள். "அண்ணாச்சிக்கு மேலுக்குச் சொகமில்ல" என்றார். நான் சொல்ல வைத்திருந்ததை என்னோடேயே வைத்துக்கொண்டேன்.

போன மாதம் பெண் வீடியோவை எடுத்துக்கொண்டு செம்பூருக்கு வந்தாள். டிவியில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தரையும் கிண்டல் பண்ணிக்கொண்டே பார்த்தாள். ஆரத்தி வந்ததும் நிறுத்தினாள்.

"அம்மா, இங்க பாரேன்! வண்டியை யாருமே ஓட்டலை. பேய் ஓட்டற மாதிரி இருக்கு!"

மாப்பிள்ளை இருந்தார், மாலை இருந்தது, தட்டில் கற்பூரம் எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் காலி ஸீட். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "நீதானேம்மா ஓட்டிண்டு வந்தே? எங்க போனே?" என்றாள்.

"சாவி கீழ விழுந்துடுத்து. எடுக்கக் குனிஞ்சேன்."

"வண்டி ஸ்டார்ட்ல இருக்கே. சாவி எப்படி விழும்?"

"இன்னொரு சாவி."

அவள் ரிமோட்டை எடுத்துக் கொஞ்சம் பின்னால் போனாள். நான் உட்கார்ந்திருக்கிறேன். தட்டு வருகிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறேன், இறங்க இடம் தேடுகிற மாதிரி. பிறகு தலையைக் குனிந்து கீழே போகிறேன், தட்டு என்னைத் தாண்டட்டும் என்று. ஸ்டியரிங்கை விடாத இடது கை மட்டும் மேலே நிற்கிறது. விரலுக்கு நடுவே அந்தச் சாவி, மஞ்சள் கயிறு தொங்கிக்கொண்டு, பளிச்சென்று தெரிந்தது.

பெண் சிரிக்கவில்லை. படத்தை அங்கேயே நிறுத்தி, ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா வண்டி வரணும்னு கேட்டேனேம்மா" என்றாள். "அப்பாதான் இல்லை. அதுல நீயும் இல்லையே."

நான் காபி கலக்க எழுந்து போனேன்.