தமிழ் மெஷினில் பிழையில்லாத முதல் மனு

மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகிறது; வீட்டில் நானும் சின்ன மகளும்தான். இதற்கிடையில் செங்கல்பட்டு தாலுகா ஆபீசில் இனி மனுவெல்லாம் தமிழில்தான் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் பதினைந்து வருடமாக ஆங்கிலத்தில் மனு அடித்த நான், தமிழ் டைப்ரைட்டர் வாங்கித் தடவிக்கொண்டிருக்கிறேன்.

இன்று கோவளத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வந்தார். கடலுக்குப் போன கணவரைப் பத்து நாளாகக் காணவில்லை.

அந்தக் கணவரின் பெயரையே மூன்று முறை தப்பாக அடித்தேன். “வேற ஆளைப் பாரும்மா” என்றேன்.

“எனுக்கு இன்னா அவசரம்? வூட்ல யாரு காத்துகினு கீறாங்க? ஒவ்வொரு எய்த்தா அடி, அண்ணாத்த.”

அப்படியே அடித்தேன். ஒரு மணி நேரம் வேறு நினைப்பே வரவில்லை. ஒரு பக்கம், பிழையில்லாமல். கைநாட்டு வைத்துவிட்டு அவர் அழுதார். நானும்தான்.

மகளுக்குச் சடை பின்னத்தான் இன்னும் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.